ஒப்பீஸ் ஜன்னலில் யார்?

மழை விட்ட பிறகு

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகின்ற பெருவழியிலே, தேயிலைச் சரிவுகள் இருமருங்கும் நெருங்கிவந்து பாதையை ஒற்றைக் கடைத்தெருவாகச் சுருக்குகின்ற இடத்தில் அமைந்திருக்கும் புசல்லாவைக்கு, ஐப்பசி மாதத்து மாலை இடிமழை எதிர்பாராத விருந்தாளி அன்று. மூன்று மணிக்கு றம்பொடைப் பக்கத்து முகடுகள் மறையும், நான்கு மணிக்குத் தகரக் கூரைகள் பேசத் தொடங்கும், நாலரைக்கு மின்சாரம் போய்விடும். 201 மெகாவாட் ஆற்றலுடையதாக 1985 இல் திறந்துவைக்கப்பட்ட கொத்மலை நீர்மின் நிலையத்தின் தேக்கம், இந்தப் பாதையின் வளைவுகளில் நின்று எட்டிப் பார்க்கக்கூடிய தூரத்திலேதான் பளபளத்துக்கொண்டிருக்கிறது. ஆயினும் மெழுகுவர்த்தி விற்காத கடை எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை.

அப்படிப்பட்ட ஒரு மாலையில், கடைத்தெருவுக்குச் சற்று மேலேயுள்ள ஒரு சிறிய வாசிப்பறையில் மழைக்கு ஒதுங்கியவனாக நான் அமர்ந்திருக்கையில், போன மின்சாரம் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிவந்தது. மாணவர் உபயோகத்துக்கென்று அங்கே இருந்த ஒரே கணினி, கொழும்பில் எவரோ பாவித்துக் கழித்த பழைய யந்திரம். காசு கொடுத்து வாங்க வேண்டாத லினக்ஸ் இயங்குதளத்தின் உபுண்டு என்னும் வழங்கலைக் கொண்டு அது காலந்தள்ளி வந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி அதன் பொத்தானை அழுத்தினாள். வழக்கமான வர்ணத் திரை வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளெழுத்துகள் மளமளவென்று ஓடி, அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று, எந்தப் பாஷைக்கும் உரியதாகத் தோன்றாத ஒரு சொல்லோடு நின்றன. அதன் பக்கத்தில் ஒரு சிறு கோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

"சேர், எல்லாம் போச்சு சேர். மூணு மாசத்து நோட்ஸ்," என்றாள்.

அவள் ஒன்றும் அறியாதவள் அல்லள். தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் படித்த சில கட்டளைகள் அவளுக்கு மனப்பாடம். மேலதிகாரியின் அதிகாரத்தை இரவல் வாங்குகின்ற 'சுடோ' என்னும் கட்டளையைத் தட்டினாள். 'காணப்படவில்லை' என்று பதில் வந்தது. கையேட்டைக் காட்டும் 'மேன்' என்றாள், காணப்படவில்லை. எழுத்துத் திருத்தும் 'நானோ' என்றாள்; அதுவும் காணப்படவில்லை. "இதுக்கு ஒண்ணுமே தெரியல்ல சேர்," என்று கையை விரித்துவிட்டாள்.

மின்வெட்டுக்குப் பின் இத்தகைய கருந்திரையைக் கண்டவர்கள் இந்நாட்டில் அநேகர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தில் அவர்கள் தொகை இன்னும் பெருகியிருக்கும். அவர்கள் எல்லாருடைய மனத்திலும் எழுந்திருக்கக்கூடிய சந்தேகம் ஒன்றே: யந்திரம் செத்துவிட்டதென்றால் 'காணப்படவில்லை' என்று விடைசொல்கின்றது யார்? உயிரோடிருக்கிறதென்றால், நேற்றுவரை தெரிந்திருந்த விஷயங்கள் இன்று அதற்குத் தெரியாமற் போனது எவ்வாறு?

ஓடும் பருப்பும்

கணினியின் வன்பொருளையும் நினைவகத்தையும் கோப்புகளைச் சேமிக்கும் தட்டையும் தன் முழு ஆதிக்கத்தில் வைத்திருக்கின்ற மென்பொருளின் உட்பகுதியைப் பருப்பு என்றும், மனிதன் தட்டுகின்ற வரிகளை வாங்கி அந்த உட்பகுதிக்குப் புரியும் வண்ணம் மாற்றிச்சொல்கின்ற வெளிப்பகுதியை ஓடு என்றும் இந்த அத்தியாயத்தில் அழைப்போம். தேங்காயை உடைத்த எவருக்கும் இவ்விரு சொற்களுக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. ஓடு என்ற பொருள் தரும் பெயரை 1960களின் நடுவில் இதற்குச் சூட்டியவர் லூயி பூசான் என்னும் பிரெஞ்சுக்காரர். கட்டளைகளைக் கோத்து இயக்கும் வேலையைப் பருப்புக்குள் புதைத்து வைக்காமல், அதை வெளியே நிற்கும் ஒரு சாதாரண நிரலாக்கிவிடலாம் என்பது அவர் காலத்தில் வேரூன்றிய எண்ணம். வெளியே நிற்பதனால்தான் ஓட்டை மாற்றலாம். ஒரே பருப்புக்குப் பல ஓடுகள் இருக்கலாம். ஒருவருக்குப் பழகிய ஓடு இல்லாத இடத்தில், பழகாத வேறொன்று வந்து நிற்கவும் கூடும். மாணவிக்கு நேர்ந்தது இதுவே.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை இன்னும் சமீபமாகக் காட்டலாம். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று முறையிடப் போகின்றவர் துரையை நேரே பார்க்க முடியாது. ஒப்பீஸ் ஜன்னலண்டை நிற்க வேண்டும். உள்ளேயிருக்கும் கிளாக்கரிடம் சொல்ல வேண்டும். கிளாக்கர் அதைத் தம் பாஷையில் எழுதித் துரையின் மேசைக்குக் கொண்டுபோவார். துரையின் பதிலை ஜன்னலுக்குக் கொண்டுவருபவரும் அவரே. ஓடு அந்தக் கிளாக்கர். பருப்பு, முகங்காட்டாத துரை. பல வருஷம் பழகிய கிளாக்கர் இடம் மாறிப்போய்ப் புதியவர் வந்து உட்கார்ந்திருக்கும் நாளில், அரைச் சொல்லில் புரிந்துகொண்டு வந்த சௌகரியங்கள் எல்லாம் போய்விடும். ஆனால் ஒப்பீஸ் மூடப்பட்டதாகப் பொருளில்லை.

புதிய கிளாக்கரோடு எந்த இலக்கணத்தில் பேசுவது? இதற்கு விடை 1979 இல் இருக்கிறது. ஸ்டீபன் போர்ன் என்பவர் ஆக்கிய ஓடு, யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு அந்த வருஷத்தில் வெளிவந்தது. அதன் வாக்கிய அமைப்பே பின்னால் வந்த பெரும்பாலான ஓடுகளின் பூர்வீகச் சொத்து. 1989 இல் பிரையன் பாக்ஸ் எழுதிய 'பாஷ்' அதன்மேல் மாடி மாடியாகக் கட்டிய மாளிகை. அதே 1989 இல் கெனத் ஆல்ம்குவிஸ்ட் எழுதிய 'ஆஷ்' அதை ஒட்டிக் கட்டிய சிறு குடில். மாணவி பாடத்தில் பழகியது மாளிகை. மழை மாலையில் அவள் முன் நின்றது குடிலின் வழிவந்த ஒன்று. மாளிகையின் அலங்காரங்களை மறந்து அஸ்திவாரத்தின் மொழியில் பேசினால் குடிலிலும் விடை கிடைக்கும். யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ச்சொல்லைச் சற்று ஒதுக்கிவைத்துக்கொள்வது போல.

இங்கே ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வருகிறது. தமிழறியாத வெள்ளைக்காரச் சின்னதுரைமார் தோட்டத்தில் காலங்கழிப்பதற்கென்று, 'இங்கே வா' என்ற தலைப்போடு ஒரு சிறு கைநூல் கொழும்பில் அச்சிடப்பட்டது. தலைப்பே ஒரு கட்டளை! மரியாதைப் பன்மை என்று ஒன்று தமிழில் உண்டென்பதை அந்தத் தலைப்பு மறந்துவிட்டது; அது வேறு மனத்தாங்கல். ஆனால் ஏவல் வினைகள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு முழு உலகத்தோடு வியவகாரம் நடத்திவிட முடியும் என்ற அதன் அனுமானம், மனிதர்கள் விஷயத்தில் எவ்வளவு அவமானகரமானதோ, கருந்திரை விஷயத்தில் அவ்வளவு உபயோகமானது.

அழைத்த பெயருக்கு ஏற்ற வேலை

அடைப்புக்குறிக்குள் நின்ற விசித்திரச் சொல்லுக்கு இப்போது வருவோம். கணினி விழிக்கும்போது இயங்குதளத்தில் முதலில் நினைவகத்துக்குள் வருவது பருப்பு. அது தட்டைத் திறக்க வேண்டும். தட்டைத் திறப்பதற்கான உபகரண நிரல்களோ பெரும்பாலும் தட்டுக்குள்ளேயே இருக்கின்றன. பெட்டி பூட்டியிருக்கிறது, சாவி பெட்டிக்குள் இருக்கிறது என்ற கதைதான். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, பிரயாணம் போகின்றவர் கட்டுச்சோறு கொண்டுபோவது போல, பருப்பு ஒரு சிறு மூட்டையைத் தன்னோடு கொண்டுவந்து நினைவகத்திலேயே அவிழ்த்து, அதிலுள்ள உபகரணங்களைக் கொண்டு தட்டைத் திறந்து, அதன் பின்னர் முழு வீட்டையும் தட்டிலிருந்து எழுப்புகிறது. அந்த மூட்டையின் பெயரே மாணவி கண்ட சொல். வீடு திறக்காதபோது நம்மை மூட்டையோடு வாசலிலேயே உட்கார வைத்துவிடுகிறது, அவ்வளவுதான். வாசலில் 'சுடோ' இல்லை, 'மேன்' இல்லை, 'நானோ' இல்லை; ஏனென்றால் அவை வீட்டுக்குள் இருக்கின்றன.

மூட்டைக்குள் இருக்கும் கட்டளைகளில் பெரும்பாலானவை, ஆஷ் வழிவந்த அந்த ஓடு உட்பட, பிஸிபாக்ஸ் என்னும் ஒரே நிரலின் வேலை. 1995 இல் புரூஸ் பெரென்ஸ் என்பவர், லினக்ஸின் டெபியன் வழங்கலை நிறுவுவதற்கும் பழுதான கணினியை மீட்பதற்கும் வேண்டிய எல்லாவற்றையும் 1.44 மெகாபைட் மட்டுமே கொள்ளுகின்ற ஒரு நெகிழ்தட்டில் அடக்கிவிடப் பிரயத்தனப்பட்டு இதை ஆக்கினார். தனித்தனி நிரலாக வைத்தால் ஒவ்வொன்றும் தன் மூட்டை முடிச்சுகளோடு வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நிரலாக்கி, எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறதோ அந்த வேலையைச் செய்யுமாறு அமைத்தார். சிறு தோட்டங்களில் இப்படிப்பட்ட மனிதர் ஒருவர் எப்போதும் உண்டு: 'பூசாரி' என்று கூப்பிட்டால் மணியடிப்பார், 'தபால்காரர்' என்று கூப்பிட்டால் கடிதப் பையை எடுப்பார், 'வைத்தியர்' என்று கூப்பிட்டால் சுளுக்குத் தடவுவார். ஆள் ஒருவரே, பெயருக்கேற்ப அவதாரம். இன்று வீடுகளில் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் சிறிய ரவுட்டர் பெட்டிகள் பலவற்றின் வயிற்றிலும் இதே மனிதர்தான் சத்தமில்லாமல் குடியிருக்கிறார்.

'இல்லை' என்பதும் 'கூடாது' என்பதும்

பழகாத ஓட்டின் முன் உட்காருகின்றவர் முதலில் கற்க வேண்டியது கட்டளைகளை அல்ல, மறுப்புகளின் பேதத்தை என்பது என் அபிப்பிராயம். ஜன்னலில் நிற்கும்போது இரண்டு விதமான மறுப்புகள் வருகின்றன. 'அப்படி ஓர் ஆள் நம் பட்டியலில் இல்லை' என்பது கிளாக்கரின் சொந்த வாக்கு. 'ஆள் இருக்கிறார்; ஆனால் துரை சம்மதிக்கவில்லை' என்பது துரையின் வாக்கைக் கிளாக்கர் ஒப்புவிப்பது.

ஒரு கட்டளையைத் தட்டியவுடன் ஓடு அதைச் சொற்களாகப் பிரித்து, முதற்சொல்லை நிரலின் பெயராகக் கொண்டு, தனக்குக் கொடுக்கப்பட்ட, கோப்புகளை அடுக்கிவைக்கும் சில அடைவுகளின் வரிசையில் — அதைத் தேடுவழி என்போம் — ஒவ்வொன்றாகத் தேடுகிறது. எங்கும் இல்லையென்றால் 'காணப்படவில்லை'. உலகத்திலேயே இல்லை என்பதன்று இதன் பொருள். தான் தேடிய இடங்களில் இல்லை என்பதே. தேடிக் கண்டு, இயக்குமாறு பருப்பிடம் ஒப்படைத்து, பருப்பு மறுத்தால், 'அனுமதி மறுக்கப்பட்டது'. ஓடு இந்த வேற்றுமையை எண்ணாலும் குறித்துவைக்கிறது: முன்னதற்கு 127, பின்னதற்கு 126. மாணவியை 'எக்கோ' என்ற கட்டளையோடு $? என்ற இரு குறிகளைத் தட்டச் சொன்னேன். 'எக்கோ' என்பது கொடுத்ததைத் திருப்பிச்சொல்லும் கிளிப்பிள்ளை, $? என்பது கடைசிக் காரியத்தின் முடிவெண். 127 என்று வந்தது.

"அப்படின்னா துரைகிட்ட போகவே இல்லையா சேர்?"

போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. 'சுடோ' என்பது அதிகாரத்தை இரவல் வாங்கும் கருவி என்று முன்னமே சொன்னோம். மூட்டையோடு வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கோ முழு அதிகாரமும் ஏற்கெனவே கையில் இருக்கிறது. யந்திரம் தன்னைக் கட்டிப்போட்டுவிட்டது என்று அவள் கலங்கிக்கொண்டிருந்த அந்தக் கணத்தில், அவள் அந்தக் கணினியின் ஏகசக்கராதிபதி! குறைந்திருந்தது உபகரணம், அதிகாரமன்று.

இந்த 'காணப்படவில்லை'யில் அனுபவசாலிகளையும் ஏமாற்றும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய கணினியிலிருந்து ஒரு நிரலைப் பிரதிசெய்து சிறிய யந்திரத்தில் வைத்து, அது கண்ணெதிரே கிடக்கும்போதே அதை இயக்கினால், 'காணப்படவில்லை' என்ற பதில் வருவதுண்டு. காணப்படாதது அந்த நிரல் அன்று. அது எழுந்து நிற்கத் துணைபுரியும் இன்னொரு கோப்பு. கிளாக்கர் இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார். இதில் அரை நாளைத் தொலைத்தவன் என்ற உரிமையோடு எச்சரிக்கிறேன்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு: உபகரணமும் இருக்கும், துரையும் மறுக்கமாட்டார், கிளாக்கரே வேண்டுமென்று வேலி போட்டிருப்பார். பாஷ் ஓட்டுக்குக் கட்டுண்ட ரூபம் ஒன்று இருக்கிறது. அதில் ஓர் அடைவிலிருந்து இன்னோர் அடைவுக்கு நகர முடியாது, சாய்கோடிட்ட பெயரால் நிரலை அழைக்க முடியாது, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்ப முடியாது. இது பழுதன்று, யந்திரத்துக்கு உடையவர் அறிந்து செய்த ஏற்பாடு. வேலியைத் தாண்டும் உபாயங்களைத் தேடுவதைவிட, வேலி போட்டவரைக் கேட்பதே முறை.

நட்சத்திரத்தின் உபகாரம்

உபகரணம் குறைந்த இடத்தில், ஓடு தானாகவே செய்யக்கூடிய வேலைகள் எவை என்று அறிவது பெரிய பலம். 'ஹெல்ப்' என்று தட்டினால் ஆஷ் தன் உள்ளுறை வேலைகளின் பட்டியலை ஒப்புவிக்கும். ஏதேனும் ஒரு சொல்லுக்கு முன்னால் 'டைப்' என்று சேர்த்துக் கேட்டால், அது தன் சொந்த வேலையா, வெளியாளின் வேலையா என்பதையும் சொல்லிவிடும். அடைவு மாறுகின்ற 'சிடி' என்னும் கட்டளையைக் கேட்டுப் பாருங்கள். எந்த ஓட்டிலும் அது உள்ளுறை வேலையாகவே இருக்கும். காரணம் ரசமானது. வெளியாள் ஒருவரை ஏவி, 'நீ போய்க் கம்பளையில் உட்கார்' என்றால், அவர் கம்பளையில் உட்காருவார். நாம் புசல்லாவையிலேயே இருப்போம். இடம் மாற வேண்டியவர் கிளாக்கரே என்பதால், அந்த வேலையை அவரே செய்தாக வேண்டும்.

கோப்புகளின் பட்டியலைக் காட்டும் 'எல்எஸ்' என்ற கட்டளையோ வெளியாள். அதுவும் இல்லாத ஓர் இடத்தில் அகப்பட்டால் இருட்டறையில் அகப்பட்டது போலத்தானே? அன்று. 'எக்கோ' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, * என்ற நட்சத்திரக் குறியைத் தட்டினால் போதும். இருக்கிற கோப்புகளின் பெயரெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஏன்? நட்சத்திரத்தைக் கண்டவுடன், 'இங்கேயுள்ள எல்லாப் பெயர்களும்' என்று அதை விரித்தெழுதுகின்ற வேலையை ஓடு தானே முடித்துவிட்டுத்தான் கட்டளையை நடத்துகிறது. 'எக்கோ' என்னும் கிளிப்பிள்ளைக்கு நட்சத்திரம் ஒன்று இருந்ததே தெரியாது. விரித்தெழுதப்பட்ட பெயர்களை அப்படியே திருப்பிச்சொல்கிறது. மாணவி இதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்எஸ் இல்லாமலேயே எல்எஸ்!" என்றாள். அவள் குரலில் முதன்முதலாகச் சற்றுத் தைரியம் கேட்டது.

செக்ரோலில் ஏறாத கொழுந்து

இனி அவளுடைய மூன்று மாதத்துக் குறிப்புகள். முதலில் தட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பருப்பு தான் அறிந்த உபகரணங்களின் விவரத்தை '/ப்ராக்' என்ற அடைவின் கீழ்க் கோப்புகளின் வேஷத்தில் காட்டிவைத்திருக்கிறது. அவை தட்டில் எழுதப்பட்ட கோப்புகள் அல்ல, கேட்டவுடன் துரையே எழுதிக் கொடுக்கும் பதில்கள். அங்கே 'பார்ட்டிஷன்ஸ்' என்ற கோப்பை, கோப்பின் உள்ளடக்கத்தைக் கொட்டிக் காட்டும் 'கேட்' கட்டளையால் படித்தோம். 'எஸ்டிஏ' என்ற பெயருக்கு நேரே 488386584 என்று இருந்தது. ஒவ்வொன்றும் 1024 பைட் கொண்ட கட்டங்களின் தொகை அது. பெருக்கிப் பார்த்தால் 500 ஜிகாபைட். அதன் கீழே, 'எஸ்டிஏ1' என்ற பகுதி. தட்டு முழுமையாகப் பருப்பின் கண்ணுக்குத் தெரிகிறது. எதுவும் 'போகவில்லை', கதவு திறக்கப்படவில்லை, அவ்வளவே. ஏன் திறக்கவில்லை என்பதையும், அவள் படிக்காமல் விட்ட மேல்வரி ஒன்று தெளிவாகச் சொல்லியிருந்தது: எஸ்டிஏ1 இல் எதிர்பாராத முரண் காணப்படுகிறது, கையாலே சரிபார்க்கவும்.

முரண் எப்படி உண்டாகிறது? மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூடை தராசில் ஏறுகிறது. கிலோ ஒரு துண்டில் எழுதப்படுகிறது. மாலையில் அது ஒப்பீஸில் செக்ரோல் என்னும் பதிவேட்டில் பெயருக்கு நேரே ஏறுகிறது. கொழுந்தோ இதற்குள் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்குப் போய்விடுகிறது. இந்த நான்கும் ஒரே கணத்தில் நடப்பவை அல்ல. நடுவில் ஓர் இடி விழுந்து எல்லாரும் ஓடிவிட்டால், ஸ்டோரில் கொழுந்து இருக்கும், செக்ரோலில் பெயர் இராது. அல்லது பெயர் இருக்கும், கிலோ இராது. தட்டிலும் ஒரு கோப்பு என்பது ஒரே பொருள் அன்று. அதன் உள்ளடக்கம் ஓரிடத்தில். அதன் அளவு, உடையவர், எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்ற விவரமெல்லாம் எழுதிய ஓர் எண்ணிட்ட சீட்டு வேறிடத்தில். அதன் பெயரோ மூன்றாவதான ஓர் அடைவுப் பட்டியலில். பெயர் கோப்புக்குள் இல்லை என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். மின்சாரம் எந்த இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் போனதோ, அந்த இடத்தில் கணக்கு உடைந்து நிற்கிறது. செய்யப்போவதை முன்கூட்டியே ஒரு நாட்குறிப்பில் எழுதிவைத்துக்கொள்ளும் ஏற்பாடு இன்றைய கோப்பு முறைமைகளில் உண்டு. பெரும்பாலான மின்வெட்டுகளை அது சத்தமில்லாமல் சமாளித்துவிடுகிறது. அன்றைய மாலை அந்தப் பெரும்பாலானவற்றில் சேரவில்லை.

சரிபார்க்கும் கட்டளை 'எஃப்எஸ்சிகே'. அதன் பின்னால், ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளுமாறு '-ஒய்' என்ற குறிப்பையும், '/டெவ்/எஸ்டிஏ1' என்று பகுதியின் பெயரையும் தட்டச் சொன்னேன். அதற்கு முன் தட்டின் மேல் காதை வைத்துக் கேட்டேன். கடகடவென்று முட்டும் சத்தம் இருந்திருந்தால் இந்தக் கட்டளையைத் தொட்டிருக்க மாட்டேன். கணக்குப் பிழையைத் திருத்தலாம். செக்ரோல் புத்தகமே கரையான் அரித்துக்கொண்டிருந்தால், திருத்துகிறேன் என்று புரட்டப் புரட்ட ஏடுகள் உதிரும், ஆகவே முதலில் பிரதி எடுக்க வேண்டும். திறந்து உபயோகத்திலிருக்கும் பகுதியின் மேல் இதை ஏவுவதும் ஆபத்து. நிறுவை நடந்துகொண்டிருக்கும்போது தராசைக் கழற்றுவது போலாகும். வாசலில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பதன் பாக்கியம் இங்கேதான் தெரிகிறது: வீடு இன்னும் திறக்கப்படாததால், கணக்குப் பார்க்க இதைவிட நல்ல முகூர்த்தம் கிடையாது.

ஐந்து சுற்றுகளாக அது நடந்தது. முதற் சுற்றில் சீட்டுகளையெல்லாம் எடுத்து, இரண்டு சீட்டுகள் ஒரே கட்டத்துக்கு உரிமை கொண்டாடுகின்றனவா என்று பார்த்தது. இதுவே மிக நீண்டது, மாணவி அதற்குள் இரண்டு முறை ஜன்னலண்டை போய்வந்தாள். இரண்டாவதில் அடைவுகளின் பெயர்ப் பட்டியல்கள். மூன்றாவதில் ஒவ்வோர் அடைவும் மூலத்தோடு தொடர்ந்திருக்கிறதா என்ற விசாரணை. நான்காவதில், ஒவ்வொரு சீட்டுக்கும் எத்தனை பெயர்கள் உண்டென்று சீட்டு சொல்கிறதோ, அத்தனை பெயர்கள் பட்டியல்களில் உள்ளனவா என்ற ஒப்பீடு. இந்த இடத்தில்தான் ஒரு வரி நின்று ஓடியது: ஒரு சீட்டுக்கு எந்தப் பட்டியலிலும் பெயரில்லை, 'கண்டெடுத்தவை' அடைவில் சேர்க்கட்டுமா? ஆம். ஸ்டோரில் கொழுந்து இருக்கிறது, செக்ரோலில் பெயரில்லை என்ற அதே வழக்கு. ஐந்தாவதில் வெற்றுக் கட்டங்களின் கூட்டல் சரிபார்க்கப்பட்டு, கோப்பு முறைமை மாற்றப்பட்டது என்ற அறிவிப்போடு சிமிட்டும் கோடு திரும்பிவந்தது.

'எக்ஸிட்' என்று தட்டச் சொன்னேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வழிவிட, பருப்பு விட்ட இடத்திலிருந்து காரியத்தைத் தொடர்ந்தது. அரை நிமிஷத்தில் வர்ணத் திரை வந்தது.

பெயரில்லாத சீட்டு

வேறு வழங்கலாக இருந்தால் கருந்திரையின் உடை சற்று வேறுபட்டிருக்கும். கண்டி நகருக்குத் தெற்கே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி, பெடோரா என்னும் வழங்கலை ஆதாரமாகக் கொண்டு, தனிஷ்க நவின் முன்னின்று 2009 இல் இந்நாட்டில் வெளியிட்ட ஹந்தானா லினக்ஸ் போன்றவற்றின் குடும்பத்தில், மூட்டையைக் கட்டும் கருவியின் பெயர் 'டிராகட்'. அதில் வாசலில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் பாஷ். சகுனம் வேறு, சங்கடம் ஒன்று.

மாணவி தன் அடைவைத் திறந்தாள். மூன்று மாதத்துக் குறிப்புகள் இருந்தன. மின்சாரம் போனபோது எழுதிக்கொண்டிருந்த அன்றைய பாடம் மட்டும் இல்லை. கட்டளைச் சாளரத்தைத் தானாகவே திறந்து, பெயரிழந்த கோப்புகள் கிடக்கும் அந்தக் 'கண்டெடுத்தவை' அடைவைப் பட்டியலிடுமாறு தட்டினாள். பதில் வந்தது: அனுமதி மறுக்கப்பட்டது.

ஒரு கணம் திரையைப் பார்த்தாள். "இது கிளாக்கர் சொல்லல்ல சேர். துரை சொல்றது," என்றாள்; வரியின் தொடக்கத்துக்குப் போய், ஒரு மணி நேரத்துக்கு முன் காணாமற் போயிருந்த 'சுடோ'வைச் சேர்த்து மறுபடியும் தட்டினாள். # என்ற குறியையும் ஆறு இலக்கங்களையும் தவிர வேறு பெயரில்லாத ஒரு கோப்பு அங்கே இருந்தது. திறந்தபோது, வலையமைப்பு வகைகளைப் பற்றிய ஒன்றரைப் பக்கம். கடைசி வாக்கியம் 'எனவே' என்ற சொல்லோடு நின்றிருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த 'எனவே'க்குப் பின்னாலிருந்து எழுதத் தொடங்கினாள்.